ஒரு கண் மட்டும் உள்ளுக்குப் போகுதா? சைலன்ட் சைனஸ் சின்ட்ரோம் பற்றி அடிக்கடி கேக்கிற கேள்விகள்

எனக்கு 41 வயசில இடது கண் கொஞ்சம் கொஞ்சமா உள்ளுக்குப் போய்க் கீழயும் இறங்கினது. ஒப்பரேஷன் செய்து இப்ப மூண்டு வருஷம். வெள்ளவத்தையில இருக்கிறன், எனக்கு இப்பிடி வந்தது எண்டு கேள்விப்பட்டு அக்காட சிநேகிதி, சிநேகிதிட மச்சாள், அவவோட வேலை செய்யிற ஆக்கள் எண்டு இடைக்கிடை கோல் எடுத்துக் கேப்பினம், எல்லாரும் கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்வியள்தான். நான் டொக்டர் இல்லை. எனக்குச் சொன்னதையும், நான் வாசிச்சுப்போட்டு என்ர ஈஎன்டி (காது, மூக்கு, தொண்டை) டொக்டரிட்டத் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்தினதையும்தான் எழுதுறன்.

இது என்ன வருத்தம்? கண் வருத்தமா, மூக்கு வருத்தமா?

பார்த்தாத் தெரியிறது கண்ணில, ஆனா வருத்தம் கிடக்கிறது கன்னத்துக்கு உள்ளுக்க இருக்கிற சைனஸ் எண்ட காற்று அறையில. இதைத்தான் எல்லாருக்கும் முதல்ல சொல்லுறன், ஏனெண்டா இது விளங்காமத்தான் நான் எட்டு மாசம் கண்ணாடிக்கடைக்கும் கண் டொக்டருக்கும் அலைஞ்சு திரிஞ்சன். கண்ணில ஒரு பிழையும் இல்லை, பார்வை நல்லம், பிரஷர் நல்லம் எண்டு ஒவ்வொருக்காவும் சொல்லி அனுப்புவினம், அதுவும் உண்மைதான், கண்ணில பிழை இருக்கேல்லத்தான். கண் இருக்கிற குழியிட தரைதான் கீழ இறங்கிக் கொண்டிருந்தது.

1964ஆம் ஆண்டிலயே மொன்ட்கொமரி எண்ட அமெரிக்க ஈஎன்டி டொக்டர் சைனஸால கண் உள்ளுக்குப் போன ரெண்டு பேரைப் பற்றி எழுதியிருக்கிறார். சைலன்ட் சைனஸ் சின்ட்ரோம் எண்ட பேர் வந்தது 1994இல, சொபர்க்கரும் அவரோட வேலை செய்த டொக்டர்மாரும் வைச்சது.

சைனஸ் எண்டா தலையிடி, மூக்கடைப்பு, சளி எல்லாம் வருமே. எனக்கு ஒண்டும் இல்லையே?

அதாலதான் சைலன்ட் எண்டு பேர் வைச்சவை. சத்தம் போடாத சைனஸ். எங்கட ஆக்களுக்குப் பீனிசம் எண்டா காலமை எழும்பின உடன தும்மல், தலைப்பாரம், ஆவி பிடிக்கிறது, கொத்தமல்லி குடிக்கிறது இதுதான் ஞாபகம் வரும். இதில கனபேருக்கு அப்பிடி ஒண்டுமே இராது. நோ இல்லை, காய்ச்சல் இல்லை, மூக்கால ஊத்துறதும் இல்லை. சில பேர் கன்னத்தில ஒரு சின்ன இறுக்கம் இருந்தது எண்டு சொல்லுவினம், எனக்கு அதுவும் இருக்கேல்ல. அப்ப நோகேல்ல, தடிமன் இல்லை, அதால சைனஸாய் இராது எண்டு நீங்களும் நினைக்காதேங்கோ, டொக்டர் அப்பிடிச் சொன்னாலும் ஒருக்கா ஸ்கான் பற்றிக் கேளுங்கோ.

சைனஸில பிரச்சினை எண்டா கண் ஏன் கீழ போகுது?

கன்ன எலும்புக்குள்ள மூக்குக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு காற்று அறை இருக்கு, பெரிய ஆக்களுக்கு ஒரு அறைக்குள்ள ஏறக்குறைய 15 மில்லிலீட்டர் பிடிக்கும், மூண்டு தேக்கரண்டித் தண்ணி அளவு. இந்த அறையிட கூரைதான் கண்குழியிட தரை. ரெண்டும் ஒரே எலும்பு, அதுவும் கனக்க இடங்களில ஒரு மில்லிமீட்டர் மொத்தமும் வராது. மேல்வீட்டுக்காரற்ற தரை கீழ்வீட்டுக்காரற்ற கூரை மாதிரி, ஃப்ளாட்டில இருக்கிற ஆக்களுக்கு இது கெதியா விளங்கும், கீழ்வீட்டில கூரை இறங்கினா மேல்வீட்டில தளபாடம் சரியும் தானே.

அந்த அறைக்குக் காற்று வந்து போறது ஒரு சின்னத் துவாரத்தால, அதுவும் அறையிட அடியில இல்லை, மேல் பக்கத்தில. துவாரம் அடைபட்டா உள்ளுக்க இருக்கிற காற்று எங்க போகும்? சுவரில இருக்கிற மெல்லிய தோல் அந்தக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமா இரத்தத்துக்குள்ள உறிஞ்சி எடுத்திடும், புதுக் காற்று வர வழியில்லை, அப்ப உள்ளுக்க அமுக்கம் குறையும். சின்னப் பிள்ளையள் பக்கற் மைலோவை ஸ்ட்ரோ வைச்சு முடியிற நேரத்தில இழுக்கேக்க அந்தப் பெட்டி ரெண்டு பக்கமும் உள்ளுக்கு ஒட்டிக் கொண்டு போறதைப் பார்த்திருப்பியள். அதேதான். ஸ்ட்ரோவை எடுத்தா மைலோப் பெட்டிக்குள்ள காற்றுப் போய்த் திரும்ப விரியும், இங்க அடைப்பு எடுபடாது, மாசக் கணக்கில இழுபட்டு இழுபட்டு எலும்பும் மெலிஞ்சு வளைஞ்சு உள்ளுக்கு வரும். கூரையும் கீழ வளையும். கூரைக்கு மேல இருக்கிற கண் அதோட சேர்ந்து கீழயும் பின்னுக்கும் போகும். இதை வாசிச்ச அண்டைக்குத்தான் எனக்கு நிம்மதியா நித்திரை வந்தது, ஏனெண்டா அதுவரைக்கும் கண்ணுக்குப் பின்னால என்னவோ வளருது எண்டு பயந்து கொண்டிருந்தனான்.

அந்தத் துவாரம் ஏன் அடைபடுது?

எல்லாருக்கும் ஒரே காரணம் இல்லை. மூக்குத் தண்டு ஒரு பக்கம் வளைஞ்சிருக்கிறது, உள்ளுக்க இருக்கிற ஒரு மெல்லிய எலும்புத் தகடு துவாரத்தில போய் ஒட்டிக் கொள்ளுறது, கட்டியான சளி, பொலிப் எண்ட சதை வளர்த்தி, இப்பிடி. கனபேருக்கு இதுதான் எண்டு ஒண்டைக் கை காட்டவே ஏலாது. நீங்கள் குளிர்த்தண்ணியில தலை முழுகினதால வந்ததும் இல்லை, ஏசி ரூமில வேலை செய்ததால வந்ததும் இல்லை. என்ர மாமி இண்டைக்கும் அந்த ரெண்டையும்தான் சொல்லிக் கொண்டிருக்கிறா.

ஆருக்கு வரும்? பிள்ளையளுக்குத் தொத்துமா, பரம்பரையா?

கூடுதலா 30 வயசுக்கும் 50 வயசுக்கும் இடையில. ஆம்பிளை பொம்பிளை வித்தியாசம் இல்லை. பிள்ளையளிலயும் கண்டிருக்கினம் ஆனா மிச்சம் குறைவு. தொத்தாது. பரம்பரை வருத்தம் இல்லை. அனேகமா ஒரு பக்கம்தான் வரும்.

எனக்கு இருக்கா எண்டு வீட்டில எப்பிடிப் பாக்கிறது?

முகம் நாளுக்கு நாள் மாறுறது எங்களுக்குத் தெரியாது, கண்ணாடியில ஒவ்வொரு நாளும் பாக்கிறதால மனம் பழகிப் போகுது. எனக்கு முதல்ல தெரிஞ்சது கண்ணில இல்லை, மூக்குக்கண்ணாடியில. பிரேம் கோணலா இருக்கு எண்டு கடைக்குக் கொண்டு போறன், அந்தப் பெடியன் சூடு காட்டி வளைச்சுத் தாறான், வீட்ட வந்து போட்டா திரும்பவும் கோணல். மூண்டு தரம் போயிட்டன். மூண்டாந்தரம் அவன் பிரேமை மேசைக் கண்ணாடியில வைச்சு, "அக்கா, பிரேம் நேரா இருக்கு, பாருங்கோ, ஆடேல்ல" எண்டான். ரெண்டு காலும் மேசையில நல்லாப் பதிஞ்சு இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது, அப்ப என்ர முகமோ கோணல் எண்டு கேட்டிட்டு வந்திட்டன். பிறகு பாஸ்போர்ட் ரினியூ பண்ணப் படம் எடுக்கப் போனா ஸ்டூடியோக்காரர் தலையை நேரா வையுங்கோ, நேரா வையுங்கோ எண்டு நாலு தரம் சொல்லுறார், நான் நேராத்தான் இருக்கிறன்.

வீட்ட வந்து பழைய பாஸ்போர்ட்டையும் புதுப் படத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சன். பழைய படத்தில ரெண்டு கண்ணுக்கும் மேல இருக்கிற மடிப்பு ஒரே மாதிரி. புதுப் படத்தில இடது கண்ணுக்கு மேல, புருவத்துக்குக் கீழ, ஒரு பள்ளம், பெருவிரலை வைச்சு அமத்தி எடுத்த மாதிரி. கண்மை கீற ஏன் ஒரு பக்கம் மட்டும் கஷ்டமா இருந்தது எண்டு அப்பத்தான் விளங்கினது, இமை உள்ளுக்குப் போய் மடிப்புக்குள்ள மறைஞ்சு கிடக்கு.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஐந்து, பத்து வருஷத்துப் படங்களை எடுங்கோ, ஐடென்டிட்டி கார்ட், கலியாண அல்பம், பாஸ்போர்ட், நேரா முகம் தெரியிற எதெண்டாலும் சரி. கருவிழி ரெண்டும் ஒரே உயரத்தில இருக்கா, மேல்பள்ளம் ஒரே அளவா எண்டு பாருங்கோ. பிறகு வீட்டில ஆரையும் முன்னால நிண்டு பாக்கச் சொல்லிப்போட்டு நீங்கள் தலையை நல்லாப் பின்னுக்குச் சரியுங்கோ, மூக்குத்துவாரம் தெரியிற அளவுக்கு, அப்பிடிக் கீழ இருந்து மேல பார்த்தா எந்தக் கண் பின்னுக்கு நிக்குது எண்டு டக்கெண்டு தெரியும். ரெண்டு கண்ணுக்கும் இடையில 2 மில்லிமீட்டர் வரைக்கும் வித்தியாசம் சாதாரண ஆக்களுக்கும் இருக்கலாம், அதால ஒருநாளும் மாறாத சின்னக் கோணலுக்குப் பயப்பட வேண்டாம். முன்னம் இல்லாதது இப்ப வந்திருக்கா எண்டதுதான் கேள்வி, அதுக்குத்தான் பழைய படம்.

எனக்குப் பாத்தா மற்றக் கண்தான் வெளிய தள்ளிக் கொண்டு வாற மாதிரி இருக்கு?

இதால கனபேர் பிழையான வழியில போயிருக்கினம். ஒரு கண் உள்ளுக்குப் போனா நல்ல கண் பெரிசாத் தெரியும், உடன தைராய்டு எண்டு இரத்தம் எடுத்துப் பாப்பினம். இல்லாட்டி உள்ளுக்குப் போன கண்ணிட இமை விழுந்த மாதிரித் தெரியும், நரம்பு வருத்தமோ, பாரிசவாதமோ எண்டு பயப்படுவினம். அந்த டெஸ்டுகள் செய்யிறதில பிழை இல்லை. ஆனா எல்லாம் நோர்மல் எண்டு வந்த பிறகு அதோட விட்டிடக் கூடாது. கண் டொக்டரிட்ட ஹேர்ட்டல் எண்டு ஒரு சின்னக் கருவி இருக்கு, கண்குழி ஓரத்தில வைச்சு ஒவ்வொரு கண்ணும் எத்தினை மில்லிமீட்டர் முன்னுக்கு நிக்குது எண்டு அளப்பினம், ஒரு நிமிஷ வேலை, நோகாது.

பார்வை போயிடுமா?

அனேகமா இல்லை. பார்வைத் தெளிவு அப்பிடியே இருக்கும். சில பேருக்கு ஒண்டு ரெண்டாத் தெரியும், ஒண்டுக்கு மேல ஒண்டு, பக்கம் பக்கமா இல்லை. எனக்குக் காலி வீதியில 100ஆம் நம்பர் பஸ் வரேக்க மேல பார்த்தா போர்ட் ரெண்டாத் தெரியும், தலையை ஒரு பக்கம் சரிச்சாச் சரியாப் போகும். கண் திடீரெண்டு நொந்து, சிவந்து, வீங்கி, பார்வை மங்கினா அது வேற விஷயம், கிளினிக் நாள் வரும் வரைக்கும் காத்திருக்காம அண்டைக்கே போங்கோ.

கொழும்பில ஆரிட்டப் போறது?

ரெண்டு பேரும் வேணும், கண் டொக்டரும் ஈஎன்டி டொக்டரும். அரசாங்கத்தில எண்டா தேசிய கண்ணாஸ்பத்திரியும் பெரியாஸ்பத்திரியும் லிப்டன் சேர்க்கஸ் பக்கத்திலதான், கொழும்பு 10, ஒண்டில இருந்து மற்றதுக்கு நடந்து போகலாம், காசும் இல்லை. காலமை வெள்ளன போகோணும், பழைய படங்களையும் முதல் எடுத்த ரிப்போர்ட்டுகளையும் ஒரு ஃபைலில போட்டுக் கொண்டு போங்கோ. பிரைவேட்டில சனல் பண்ணுறதெண்டா கண்குழி, இமை ஒப்பரேஷன் செய்யிற கண் டொக்டர் ஆர் எண்டு கேட்டுச் சனல் பண்ணுங்கோ, எல்லாக் கண் டொக்டர்மாரும் அந்த வேலை செய்யிறேல்ல.

சிங்களமோ இங்கிலீஷோ சரளமா வராத ஆக்கள் ஒரு துண்டில எழுதிக் கொண்டு போங்கோ: எப்ப தொடங்கினது, எந்தக் கண், அடி பட்டதா இல்லையா, என்ன மருந்து பாவிக்கிறனான். உள்ளுக்க இருக்கிற ஐந்து நிமிஷத்தில எல்லாம் மறந்து போகும். நான் முதல் தரம் கோரிடோரில ரெண்டு மணித்தியாலம் இருந்து, உள்ளுக்கப் போய், கண் கோணலா இருக்கு எண்ட ஒரு வசனம் மட்டும் சொல்லிப்போட்டு வந்தனான். களைப்பு, நித்திரை காணாது எண்டு சொல்லி விற்றமின் தந்து அனுப்பினவை.

என்ன டெஸ்ட் எடுப்பினம்?

சீட்டி ஸ்கான். சைனஸும் கண்குழியும் சேர்த்து, முன்பக்கத்தால வெட்டின மாதிரித் தெரியிற படமும் வேணும். அதில அந்தப் பக்கச் சைனஸ் மற்றதை விடச் சின்னனா, உள்ளுக்க நிரம்பி மங்கலா, சுவர் எல்லாம் உள்ளுக்கு வளைஞ்சு, கூரை கீழ தொங்கின மாதிரித் தெரியும். என்ர படத்தை டொக்டர் லைட்டில போட்ட உடன எனக்கே விளங்கினது, வலது பக்கம் கறுப்பா விரிஞ்ச அறை, இடது பக்கம் சுருங்கின சாம்பல் துண்டு, அதுக்கு மேல கண்குழி மட்டும் பெருத்துப் போய்க் கிடக்கு.

ஒரு விஷயம் கவனம். ரிப்போர்ட்டில சைனஸ் மங்கலா இருக்கு, சைனசைட்டிஸ் எண்டு மட்டும் எழுதி விட்டிடலாம். சைனஸ் சுருங்கியிருக்கா, சுவர் உள்ளுக்கு வளைஞ்சிருக்கா எண்டு கேளுங்கோ. கண் உள்ளுக்குப் போகுது எண்டதை ஸ்கானுக்கு எழுதிற துண்டிலயே டொக்டரை எழுதச் சொல்லுங்கோ, என்னத்தைத் தேடுறது எண்டு தெரிஞ்சாத்தான் படம் பாக்கிறவை அதைத் தேடுவினம்.

கான்சரா?

இந்த வருத்தம் கான்சர் இல்லை, கான்சரா மாறுறதும் இல்லை. ஆனா கண் உள்ளுக்குப் போறதுக்கு வேற காரணங்களும் இருக்கு, அதையும் மறைக்காமச் சொல்லோணும். முகத்தில அடிபட்டுக் கண்குழித் தரை உடைஞ்சிருந்தாலும் இப்பிடி வரும், கிரிக்கெட் பந்தோ மோட்டார்சைக்கிள் அக்சிடென்டோ, வருஷக் கணக்கு முந்தியெண்டாலும் டொக்டரிட்டச் சொல்லுங்கோ. குளுக்கோமாவுக்கு ஒரு கண்ணுக்கு மட்டும் விடுற சில வகைத் துளி மருந்தால மேல்பள்ளம் ஆழமாகும். முகத்தில ஒரு பக்கம் சதை மெலியிற வருத்தமும் இருக்கு. மார்பகக் கான்சர் கண்குழிக்குப் பரவினா சில பேருக்குக் கண் வெளிய வராம உள்ளுக்கு இழுபடும், அதால முன்னம் மார்பில கட்டி இருந்த ஆக்கள், இப்ப ஏதும் தட்டுப்படுற ஆக்கள், வெக்கப்படாம அதைக் கட்டாயம் சொல்லுங்கோ. இதெல்லாத்தையும் பிரிச்சு அறியத்தான் ஸ்கான். நாவூறு கழிக்கிறதில ஒரு கெடுதலும் இல்லை, என்ர அம்மாவும் செத்தல் மிளகாயும் உப்பும் சுத்திப் போட்டவாதான், ஆனா அதோட ஸ்கானையும் எடுங்கோ.

மருந்தால மாறுமா? ஆவி பிடிச்சா?

மூக்குக்கு அடிக்கிற ஸ்ப்ரே, அன்ரிபயோட்டிக், ஆவி, கொத்தமல்லி, ஒண்டும் வளைஞ்ச எலும்பை நிமித்தாது. துவாரத்தைத் திறக்கோணும்.

ஒப்பரேஷன் எப்பிடி? முகத்தில வெட்டுவினமா?

சைனஸ் ஒப்பரேஷனுக்கு முகத்தில வெட்டு இல்லை. மயக்கி, மூக்குத்துவாரத்துக்குள்ளால கமரா உள்ள குழாயை விட்டு, துவாரத்தை மறைச்சுக் கொண்டிருக்கிற எலும்புத் தகட்டை எடுத்து, துவாரத்தைப் பெருப்பிச்சு விடுவினம். உள்ளுக்க அனேகமாக் கட்டிச் சளி இருக்கும், எடுப்பினம். அமுக்கம் சரியாகி, எலும்பு இனி உள்ளுக்கு இழுபடாது.

இந்த வருத்தத்தில அந்தத் தகடு கண்குழிச் சுவரோட ஒட்டிக் கொண்டு கிடக்கும், கண்குழித் தரையும் வழமையா இருக்கிற இடத்தை விடக் கீழ இறங்கி இருக்கும், கை கொஞ்சம் பிசகினா கண்குழிக்குள்ள போயிடும். அதால சைனஸ் ஒப்பரேஷன் கனக்கச் செய்த ஆளாப் பாருங்கோ, இப்பிடி ஒரு கேஸ் செய்திருக்கிறியளோ எண்டு நேரா கேளுங்கோ. நான் கேட்டனான், அவர் கோவிக்கேல்ல, கதிரையை இழுத்து இருந்து ஸ்கானில ஒவ்வொரு படமாக் காட்டி எங்க கவனமாப் போகோணும் எண்டு விளங்கப்படுத்தினவர்.

அப்ப கண் திரும்ப மேல வருமா, பிளேட் வைக்கோணுமா?

சைனஸ் திறந்தா முதல்ல கிடைக்கிறது இனி இறங்காது எண்டதுதான். சில பேருக்கு மாசக் கணக்கில கண் தானாக் கொஞ்சம் முன்னுக்கு வரும், சில பேருக்கு அவ்வளவா மாறாது. அதால கனக்க டொக்டர்மார் சைனஸை மட்டும் முதல் திறந்து ஆறு மாசமளவு பொறுத்துப் பார்த்து, கண் திருப்தியா வரேல்ல, இல்லாட்டி ரெண்டாத் தெரியிறது நிக்கேல்ல எண்டாத்தான் கண்குழித் தரையைத் தூக்குவினம். ரெண்டையும் ஒரே நாளில செய்யிற டொக்டர்மாரும் இருக்கினம். தரை தூக்கிறதெண்டா கீழ் இமைக்கு உள்பக்கத்தால போய், டைட்டானியம் வலையோ ஒரு வகைப் பிளாஸ்டிக்கோ உங்கட எலும்பில எடுத்த துண்டோ வைப்பினம். பிறகு கன்னத்தில கொஞ்ச நாள் விறைச்ச மாதிரி இருக்கலாம், அந்தத் தரைக்குள்ளால ஒரு நரம்பு ஓடுது.

நான் பொறுத்துப் பார்த்தனான். அவசரப்பட்டு ரெண்டாவதுக்குக் கையெழுத்து வைக்காதேங்கோ, ரெண்டாத் தெரியாட்டி பொறுக்கிறதில நட்டம் இல்லை எண்டுதான் நான் சொல்லுவன். எனக்கு ஐந்தாம் மாசம் பஸ் போர்ட் ஒண்டாத் தெரிஞ்சது. மேல்பள்ளம் முழுக்கப் போகேல்ல, பாதிக்கு மேல குறைஞ்சிட்டுது, எனக்கு அது காணும்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு வீட்டில எப்பிடி இருக்கோணும்?

மூக்குச் சீறக் கூடாது, டொக்டர் ஓம் எண்டு சொல்லும் வரைக்கும். தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்முங்கோ. தலைக்கு ரெண்டு தலையணை. பாரம் தூக்கிறது, குனிஞ்சு கூட்டிறது, தேங்காய் திருவிறது கொஞ்ச நாளைக்கு வேற ஆரும் செய்யட்டும். உப்புத்தண்ணியால மூக்குக் கழுவச் சொல்லுவினம், அதுக்குக் கொதிச்சு ஆறின தண்ணியைத்தான் பாவியுங்கோ, பைப் தண்ணியை நேரா மூக்குக்குள்ள விட வேண்டாம், அதில இருக்கிற கிருமி மூக்கால ஏறினா பெரிய ஆபத்து. பிளேன் பயணம் இருந்தா முதலே கேளுங்கோ. கண் வீங்கிப் பார்வை மங்கினா, நிக்காம இரத்தம் ஓடினா, இரவெண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.

ஒண்டும் செய்யாம விட்டா?

உயிருக்கு ஆபத்தில்லை. ஆனா சைனஸ் அடைபட்டுக் கிடக்கும் வரைக்கும் கண் இன்னும் இறங்கக் கூடும், இறங்கினா ரெண்டாத் தெரியிற சான்ஸும் கூடும். சில பேருக்கு ஒரு அளவில நிண்டிடும். வேற வருத்தங்களுக்காக மயக்க மருந்து குடுக்க ஏலாத ஆக்கள் டொக்டரோட கதைச்சு அளந்து அளந்து பார்த்துக் கொண்டிருக்கலாம். விடுறதெண்டாலும் இது இன்ன வருத்தம் எண்டு தெரிஞ்சு விடுங்கோ.

திரும்ப வருமா?

துவாரம் திறந்தே இருந்தா வராது. துவாரம் திரும்ப மூடுப்பட்டா வரலாம், அதால ஒப்பரேஷனுக்குப் பிறகு தாற கிளினிக் நாளுகளை நோ இல்லைத்தானே எண்டு விட்டிடாதேங்கோ, இந்த வருத்தம் முதலும் நோகேல்லத்தானே. நான் வருஷத்துக்கு ரெண்டு தரம் எங்கட முன் ஜன்னலடியில, கண்ணாடி கழட்டி, அதே கதிரையில இருந்து, மகளைக் கொண்டு ஒரு படம் எடுப்பிக்கிறன். ஃபோனில ஒரு ஃபோல்டரில ஆறு படம் இருக்கு, போன கிழமை எடுத்ததோட ஏழு.